முதல் குடம் பம்புக்கு

புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில் அரியாங்குப்பத்தைத் தாண்டி, சுண்ணாம்பாற்றுப் பாலத்தைக் கடந்து, தவளக்குப்பத்தில் கிழக்கே கடலை நோக்கித் திரும்பினால் பூரணாங்குப்பம் வரும். தென்னையும் சவுக்கும் நிற்கும் மணற்பாங்கான மண். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடைக் காலையில் அங்கே ஒரு தோப்பின் பம்பு அறையில் சற்று நேரம் நிற்க நேர்ந்தது. தோப்புக்குரிய பெரியவர் மோட்டார் போட வந்தார். பொத்தானை அழுத்திவிட்டுப் போய்விடுவார் என்றுதான் நாம் எண்ணினோம். அவரோ முதலில் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு பம்பின் தலைமேல் இருந்த மூடியைத் திருகி எடுத்து, ஒரு குடம் தண்ணீரை நிதானமாக ஊற்றினார். குமிழி வருவது நின்றதும் மூடியை இறுக்கினார். தண்டைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கேட் வால்வை மூடினார். தோள் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, அதன் பின்னரே பச்சைப் பொத்தானைத் தொட்டார்.

தண்ணீர் எடுக்க வந்த இடத்தில் முதலில் தண்ணீர் ஊற்றுவானேன் என்று கேட்டோம். "மொதல்ல அதுக்குக் குடுக்கணும் தம்பி. அப்பறந்தான் அது நமக்குக் குடுக்கும்" என்றார்.

அந்தப் பதிலுக்குப் பின்னால் ஏறக்குறைய நானூறு ஆண்டுகளின் வரலாறு இருக்கிறது என்பது பிற்பாடு படித்தபோதுதான் நமக்குத் தெரிந்தது. அந்த வரலாற்றைக் கூடியவரை இந்த மண்ணை விட்டு அகலாமல் சொல்லிப் பார்க்கும் முயற்சியே இக்கட்டுரை. அவர் முதலில் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்ததன் பொருளும் போகப்போகத்தான் விளங்கிற்று. அதைக் கடைசியில் சொல்வோம்.

மாடு களைக்கும் நேரம்

பம்பு வருவதற்கு முன் நம் கிணறுகளில் இரண்டு கருவிகள் ஆட்சி செய்தன. ஒன்று ஏற்றம். ஒருவரோ இருவரோ துலாமரத்தின் மீது முன்னும் பின்னும் நடக்க, கீழே நிற்பவர் சாலைப் பிடித்துக் கவிழ்ப்பார். மற்றொன்று கவலை. இரண்டு மாடுகள் சரிவில் இறங்க, தோல் பறி மேலேறி வாய்க்காலில் நீரைக் கொட்டும். ஐரோப்பியர் தம் குறிப்புகளில் ஏற்றத்தைப் 'பிக்கோட்டா' என்று எழுதினர். இது தமிழ்ச் சொல்லன்று, போர்ச்சுகீசியச் சொல். கழுமரம் போன்ற தண்டனைக் கம்பத்தைக் குறித்த அச்சொல் கப்பலில் நீரிறைக்கும் கருவியின் கைப்பிடிக்கும் வழங்கியது என்பர். கப்பலில் வந்தவன் கரையில் கண்டதற்குத் தன் கப்பலிலிருந்த பெயரையே வைத்துவிட்டான் போலும்.

ஏற்றப் பாட்டை நாட்டார் இலக்கியமாகப் படிக்கும் நாம் அதன் மற்றொரு பயனை மறந்துவிடுகிறோம். அது ஓர் அளவுகோல். எத்தனை சால் இறைந்தது என்பதைப் பாட்டின் எண்வரிசை சொல்லிவிடும். பாட்டு முடியும் இடத்தில் வேலையும் முடியும். மாடு களைத்தால் கவலை நிற்கும், ஆள் களைத்தால் ஏற்றம் நிற்கும். அந்த இடைவெளியில் கிணறு ஊறிக்கொள்ளும். கிணற்றுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று எவரும் சட்டம் இயற்றவில்லை. உயிருள்ளவை இறைத்த காலத்தில் அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

தானாக வந்த தண்ணீர்

பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரி நகரம் பம்பின் உதவியின்றியே நல்ல தண்ணீர் குடித்தது. மூன்றாம் நெப்போலியன் காலத்தில், 1860-களில், முத்திரப்பாளையத்து ஊற்று நீரை நகருக்குக் கொண்டுவந்தவர் லமெரெஸ் என்னும் பொறியாளர். பாரதி பூங்காவில் நிற்கும் ஆயி மண்டபம் அதன் நினைவுச் சின்னம். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் தன் எடையாலேயே வந்து சேர்ந்தது. இந்த லமெரெஸ் தென்னிந்தியப் பாடல்களைப் பிரெஞ்சில் பெயர்த்து நூலாக வெளியிட்டவரும் ஆவார் என்பது இலக்கிய வாசகர்களுக்கு உவப்பான செய்தியாக இருக்கும்.

அடுத்து நிகழ்ந்தது இதைவிட வியப்பானது. 1870-களின் பிற்பகுதியில் சவானா பஞ்சாலையில் தண்ணீருக்காகக் குழாய் இறக்கினார்கள். நீராவி எஞ்சினுக்கும் கொதிகலனுக்கும் ஆலை ஓயாமல் தண்ணீர் கேட்கும். குழாய் ஆழத்தில் ஒரு மணற்படுகையைத் தொட்டதும் நீர் தன் அழுத்தத்தாலேயே பீறிட்டுத் தரைக்கு மேல் வந்தது. இவ்வகை ஊற்றை ஆர்ட்டீசியன் ஊற்று என்பர். இந்தச் செய்தி எல்லை தாண்டியது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த வில்லியம் கிங், புதுச்சேரியின் இந்த ஊற்றுகளைப் பற்றியும் சென்னைக்கு இவ்வாறு நீர் கிடைக்குமா என்பது பற்றியும் 1880-இல் ஓர் அறிக்கை எழுதினார். ஆங்கிலேயர் ஆண்ட சென்னை, பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுவையைப் பார்த்து ஏங்கிய அரிய தருணங்களுள் இது ஒன்று.

ஆர்ட்டீசியன் ஊற்றுக்குப் பொத்தான் இல்லை, முதல் குடமும் இல்லை. குழாய் இறக்கினால் போதும். ஆனால் மேட்டு நிலத்தில் மழையாக விழுந்து, இரு களிமண் அடுக்குகளுக்கிடையே மெல்ல நகர்ந்து வந்த நீரின் அழுத்தம்தான் அது. ஒரு குழாய் திறந்தால் சற்றுக் குறையும். நூறு திறந்தால் மேலும் குறையும். ஒரு கட்டத்தில் நீர் தரைமட்டத்துக்குக் கீழே நின்றுவிடும். அதற்குப் பிறகு அதை யாராவது தூக்கித்தான் ஆகவேண்டும்.

பதினெட்டு முழத்தின் மர்மம்

நீரைத் தூக்குவது என்றவுடன் ஒரு பழைய புதிர் குறுக்கிடுகிறது. 1638-இல் வெளியான தம் நூலில் கலிலியோ ஒரு செய்தியைக் குறிப்பிடுகிறார். ஒரு நீர்த்தொட்டியில் உறிஞ்சும் பம்பு சரியாக வேலை செய்யவில்லை. பழுது பார்க்க வந்தவன், நீர் பதினெட்டு முழத்துக்கு மேல் ஒரு மயிரிழையும் ஏறாது, எப்பேர்ப்பட்ட பம்பானாலும் இதுதான் கதி என்றானாம். கலிலியோ அதற்குக் காரணம் தேடினார். சரியான காரணத்தைக் கண்டவர் அவருடைய மாணாக்கர் டொரிசெல்லி. 1640-களில் அவர் செய்த பாதரசச் சோதனை, காற்றுக்கு எடை உண்டு என்பதைக் காட்டிற்று. பம்பு நீரை இழுப்பதில்லை. குழாய்க்குள் காற்றின் அழுத்தத்தை அது குறைக்கிறது. வெளியே கிணற்று நீர்ப்பரப்பின் மீது அழுத்திக்கொண்டிருக்கும் வானமே நீரை மேலே தள்ளுகிறது. அந்த வானத்தின் பலம் கடல்மட்டத்தில் 10.3 மீட்டர் நீருக்குத்தான் சரி. குழாயின் உராய்வு, வால்வின் தடை எல்லாம் போக நடைமுறையில் ஆறு அல்லது ஏழு மீட்டர் கிடைத்தால் பெரிது.

நம் தோட்டங்களின் மையவிலக்குப் பம்பு இதற்குப் பின் வந்தது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுக்காரரான டெனிஸ் பாப்பின் அதற்கு ஒரு தொடக்க வடிவம் கொடுத்தார். 1851-இல் லண்டன் மாநகரில் நடந்த பெருங்கண்காட்சியில் ஜான் ஆப்போல்ட் என்பவர் வளைந்த இதழ்கள் கொண்ட சக்கரத்தைச் சுழற்றிக் காட்டினார். நேரான இதழ்களைவிட அது இரு மடங்குக்கு மேல் திறனுடையது என்று அங்கேயே சோதித்து அறிந்தனர். சக்கரம் சுழல்கிறது, நீர் விளிம்பை நோக்கி வீசப்படுகிறது, நடுவில் அழுத்தம் குறைகிறது, அந்த வெற்றிடத்தை நோக்கிக் கிணற்று நீர் ஏறுகிறது. ஆனால் சக்கரத்துக்குள் நீருக்குப் பதில் காற்று இருந்தால்? காற்று நீரைவிட ஏறக்குறைய எண்ணூறு மடங்கு லேசானது. எவ்வளவு வேகமாக வீசினாலும் கிணற்று நீரை மேலேற்றும் அளவுக்கு நடுவில் அழுத்தம் குறையாது. சக்கரம் வெறுமனே சுழன்றுகொண்டிருக்கும். ஆகவே பம்பின் வயிறும் உறிஞ்சு குழாயும் முழுக்க நீரால் நிறைந்த பின்னரே அதை ஓட்ட வேண்டும். பெரியவர் ஊற்றிய முதல் குடத்தின் கணக்கு இதுதான்.

சாட்டர்டனின் எஞ்சின்

இந்தப் பம்பைத் தமிழ் உழவரின் கிணற்றுக்குக் கொண்டுவந்ததில் ஆல்பிரட் சாட்டர்டனுக்குப் பெரும் பங்கு உண்டு. சென்னைப் பொறியியல் கல்லூரியின் பேராசிரியராக வந்தவர் அவர். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ஆயில் எஞ்சினையும் மையவிலக்குப் பம்பையும் கிணறுகளில் பொருத்தி, மாட்டுக் கவலையோடு செலவை ஒப்பிட்டுக் காட்டினார். பிறகு சென்னை மாகாணத்தின் தொழில்துறை இயக்குநரானார். அரசு தொழிலில் இறங்குவதை லண்டனிலிருந்த இந்திய மந்திரி மார்லி 1910-இல் ஏற்க மறுத்தார். 1912-இல் சாட்டர்டன் மைசூர் சமஸ்தானத்துக்குச் சென்றார். அவ்வாண்டில் வெளிவந்த அவருடைய நூலின் பொருள் நீரேற்றுப் பாசனமே.

அன்றைய ஆயில் எஞ்சினைத் தொடங்குவது ஒரு சடங்கு. அதன் தலையிலிருந்த உருண்டையை ஊதுவிளக்கால் பழுக்கக் காய்ச்ச வேண்டும். அது போதிய சூடேறிய பின் சக்கரத்தைக் கையால் சுழற்றி உயிர் கொடுக்க வேண்டும். அவசரக்காரனுக்கு அது இணங்காது. எஞ்சினைப் புரிந்துகொண்ட ஆள் ஒருவன் ஊருக்குத் தேவைப்பட்டான். ஏற்றக்காரனும் கவலைக்காரனும் இருந்த இடத்தில் 'டிரைவர்' என்ற புதிய மனிதன் வந்து நின்றான்.

மின்சாரம் அந்த மனிதனின் வேலையைப் பாதியாக்கியது. 1930-களில் பைக்காராவும் மேட்டூரும் மின்சாரம் தரத் தொடங்கின. கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் உருவாக்கிய மோட்டார் இந்நாட்டிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டார்களுள் ஒன்று. அதன்பின் கோவை பம்புகளின் ஊராயிற்று. மின்சாரம் உழவரின் உயிர்ப் பிரச்சினையாகவும் ஆனது. 1970-இல் மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் அன்றைய கோவை மாவட்டப் பெருமாநல்லூரில் உழவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஒரு பொத்தானை அழுத்தும் உரிமைக்கும் இங்கே இரத்தத்தில் விலை கொடுத்திருக்கிறார்கள்.

கண், காது, கை

பம்பைத் தொடங்கும் கலையின் விதிகள் எளியவை. ஒவ்வொரு விதிக்கும் பின்னால் எரிந்த மோட்டாரோ உடைந்த குழாயோ இருக்கும்.

முதலாவது, கையால் சுற்றிப் பார்ப்பது. நெடுநாள் நின்ற பம்பின் தண்டு இறுகியிருக்கலாம். கல்லோ துணியோ சிக்கியிருக்கலாம். மின்சாரம் தள்ளுவதற்கு முன் கை அறிந்துகொள்ள வேண்டும். அப்போது ஃபியூஸ் கழற்றப்பட்டு, கழற்றியவரின் மடியிலேயே இருக்க வேண்டும் என்பது பழைய மின்பணியாளர்கள் சொல்லும் பாடம். பெல்ட்டுக்கும் இணைப்புக்கும் மேல் தகர மூடி வேண்டும். வேட்டி முனையும் துண்டும் அதற்கு ஒன்றுதான். ஈரக்கையும் ஈரத்தரையும் எர்த் கம்பி இல்லாத ஸ்டார்ட்டரும் ஒன்று சேரும் இடத்தில் பொத்தானைத் தொடவே கூடாது.

இரண்டாவது, நீர் நிறைப்பது. உறிஞ்சு குழாயின் அடியில் உள்ள ஃபுட் வால்வு நீரைக் கீழே இறங்க விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். அதன் தோல் தேய்ந்துவிட்டால் ஒவ்வொரு முறையும் குடம் தேவைப்படும். குழாய் இணைப்பில் ஊசிமுனைத் துளை இருந்தாலும் காற்று புகுந்துவிடும். நீர் கசிவதைக் கண் காணும். உறிஞ்சு குழாய் காற்றைக் குடிப்பதோ கண்ணுக்குத் தெரியாது. இணைப்புகளில் சாணமோ சோப்பு நுரையோ பூசிப் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள்.

மூன்றாவது, வெளியேற்று வால்வை மூடித் தொடங்குவது. இது புதியவர்களுக்கு விந்தையாகத் தோன்றும். மையவிலக்குப் பம்பு நீரை வெளியே அனுப்பாதபோதுதான் மிகக் குறைந்த சக்தியைக் கேட்கும். நேரடியாகத் தொடங்கும் மோட்டார் அந்த முதல் நொடிகளில் வழக்கமான மின்னோட்டத்தைப்போல் ஆறு மடங்கு வரை இழுக்கும். அப்போது சுமை குறைவாக இருப்பது நல்லது. வேகம் எடுத்ததும் வால்வை மெல்லத் திறக்க வேண்டும். திறக்க மறந்து வேறு வேலைக்குப் போய்விட்டால், உள்ளே அகப்பட்ட அதே நீர் சுழன்று சுழன்று கொதிக்கத் தொடங்கும். ஆலைகளில் இருந்த பிஸ்டன் பம்புகளுக்கு விதி நேர் எதிரானது. வெளியேறும் வழியைத் திறந்துவைக்காமல் அவற்றைத் தொடங்கினால் அழுத்தம் ஏறிக் குழாயோ உருளையோ வெடிக்கும். ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் ஆபத்தாக முடியும். எந்தப் பம்பு என்று கேளாமல் விதியைச் சொல்லக்கூடாது.

நான்காவது, சுழலும் திசை. மூன்று ஃபேஸ் கம்பிகளில் இரண்டு இடம் மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுழலும். அப்போதும் கொஞ்சம் தண்ணீர் வரும், அதுதான் ஏமாற்று. மின்மாற்றியில் வேலை நடந்த மறுநாள் தண்ணீர் குறைந்தால் கிணற்றைக் குறை சொல்வதற்கு முன் அம்புக்குறியைப் பார்க்க வேண்டும். மூன்றில் ஒரு ஃபேஸ் போய்விட்டாலும் ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் உறுமியபடி ஓடும். அந்த உறுமலைக் கேட்டு ஓடிவந்து நிறுத்தியவர் மோட்டாரைக் காத்தார். தூங்கியவர் கம்பி கட்டும் கடைக்குப் போனார்.

ஓடும்போது காதுதான் கருவி. பம்புக்குள் கூழாங்கற்கள் உருள்வது போன்ற ஓசை கேட்டால் உள்ளே கல் இல்லை. அழுத்தம் மிகக் குறைந்த இடத்தில் நீர் ஆவிக் குமிழியாகிறது. அக்குமிழி அழுத்தம் கூடும் இடத்துக்குப் போய்ச் சட்டென்று நொறுங்கும்போது வரும் ஓசை அது. நாளடைவில் அது இரும்பையே அரித்துத் துளையாக்கும். கிணற்று மட்டம் மிகவும் இறங்கிவிட்டது என்று பம்பு சொல்லும் மொழி என்றும் அதைக் கொள்ளலாம். தண்டு வெளிவரும் இடத்தில் திணித்த கயிற்றுப் பொதி சொட்டுச் சொட்டாகக் கசிய வேண்டும். கசிவு வீண் என்று எண்ணி முழுக்க இறுக்கினால் தண்டு உராய்ந்து தேய்ந்து போகும். அந்தச் சொட்டும் பம்புக்குக் கொடுக்கும் தண்ணீர்தான்.

நிறுத்தும்போது வால்வை மெல்ல மூடி, பிறகு சிவப்புப் பொத்தான். நீண்ட குழாயில் ஓடிவரும் நீர்த்தூணைத் திடீரென்று நிறுத்தினால் அது சம்மட்டியைப்போல் திரும்பி அடிக்கும்.

இவ்விதிகளுள் மிகக் கொடிய பாடம் ஆழத்தைப் பற்றியது. உறிஞ்சும் எல்லை ஏழு மீட்டர்தான் என்பதால், நீர் இறங்க இறங்க உழவர்கள் பம்பையும் கிணற்றுக்குள் இறக்கினார்கள். சுவரில் மேடை கட்டி மோட்டாரை வைத்தார்கள். சில இடங்களில் டீசல் எஞ்சினையே உள்ளே இறக்கினார்கள். எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. கிணற்றின் அடியில் அது தங்கிவிடும். மோட்டாரை நிறுத்த இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கிய மகனும் விழ, மகனைத் தூக்க இறங்கிய அண்டை வீட்டாரும் விழுந்த செய்திகளை நாளிதழ்களில் நாம் பலமுறை படித்திருக்கிறோம். நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றில் எஞ்சின் இல்லாமலேயே காற்று கெட்டிருக்கும். விளக்கை இறக்கி, அது அணைகிறதா என்று பார்ப்பது பழைய வழக்கம். ஆனால் கார்பன் மோனாக்சைடு விளக்கை அணைக்காமலே ஆளைக் கொல்லும். மேலிருந்து காற்றைச் செலுத்தாமல், இடுப்பில் கயிறும் மேலே ஆளும் இல்லாமல், எக்காரணத்துக்காகவும் இறங்கக்கூடாது என்பதே விதி.

நிறுத்த முடியாத பம்பு

இதே நிலத்தடியில் இன்னொரு கதையும் உண்டு. புதுச்சேரியின் அடியிலுள்ள கடலூர் மணற்பாறைப் படுகை தெற்கே நெய்வேலி வரை பரவியுள்ளது. அங்கே 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு வெட்டியபோது கரிய பொருள் கலந்த நீர் பீறிட்டது. அதுவே பழுப்பு நிலக்கரியின் கண்டுபிடிப்புக்கு வழிகாட்டியது. 1956-இல் நிறுவனம் தோன்றியது, 1957-இல் சுரங்கம் தொடங்கியது, 1961-இல் நிலக்கரி வெளிப்பட்டது.

நிலக்கரிப் படுகைக்குக் கீழே சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை அழுத்தத்துடன் ஆர்ட்டீசியன் நீர் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது. அறுபது, எண்பது மீட்டர் உயர நீர்த்தூணின் பலம் அது. மேலிருக்கும் மண்ணை அகற்றினால் சுரங்கத்தின் தரையே பிளந்து வெள்ளம் பொங்கும். ஆகவே ஆழ்குழாய்களில் இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைத்தபடியே சுரங்கம் வெட்ட வேண்டும். இங்கே பம்பு நின்றால்தான் ஆபத்து. ஒன்று பழுதானால் மற்றொன்று, ஒரு மின்தடம் போனால் மாற்றுத் தடம் என்று எப்போதும் தயாராக இருக்க வேண்டும். அன்று சவானா ஆலையில் வரமென்று வரவேற்ற அதே வகை ஊற்று, நெய்வேலியில் ஓயாமல் இறைத்து அடக்க வேண்டிய பகையாயிற்று.

குடம் தேவைப்படாத காலம்

உறிஞ்சும் எல்லையை வெல்ல ஒரே வழி உறிஞ்சாமல் இருப்பது. ருஷ்யப் பேரரசில் பிறந்த ஆர்மீனியரான அர்மாயிஸ் அருட்டுனோஃப், மோட்டாரையும் பம்பையும் சேர்த்து நீருக்கடியிலேயே இறக்கும் கருவியை உருவாக்கினார். அமெரிக்காவில் குடியேறி, 1930-களில் எண்ணெய்க் கிணறுகளில் அதைப் புகழ்பெறச் செய்தார். அதன் வழித்தோன்றலே நம் ஊர்களில் இன்று எங்கும் உள்ள நீர்மூழ்கி மோட்டார். அது கீழிருந்து தள்ளுவதால் வானத்தின் பலம் அதற்கு வேண்டாம். ஏழு மீட்டர் என்ற எல்லை மறைந்தது. நூறு மீட்டர், இருநூறு மீட்டர் என்று போகலாம்.

அதோடு முதல் குடமும் மறைந்தது. கிணற்றுக்குள் இறங்க வேண்டியதில்லை, ஆகவே அந்தச் சாவுகளும் குறைந்தன. இதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் கண், காது, கை மூன்றும் ஓய்வு பெற்றுவிட்டன. கூழாங்கல் ஓசை நூறு மீட்டர் ஆழத்தில் கேட்பாரற்று ஒலிக்கிறது. ஆறங்குலக் குழாய்க்குள் எட்டிப் பார்க்க எதுவுமில்லை. மின்சாரம் வந்ததும் ஆட்டோ ஸ்டார்ட்டர் தானே தொடங்கிவிடும், தொலைபேசியில் அழைத்தும் தொடங்கலாம். தமிழ்நாட்டில் 1984-இல் சிறு விவசாயிகளுக்கும் 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமாயிற்று. மாடு களைத்தால் நிற்கும், டீசல் காசு தீர்ந்தால் நிற்கும். இதற்கு நிற்க ஒரு காரணமும் இல்லாமற்போயிற்று. மட்டம் இறங்கிப் பம்பு வறண்டு ஓடினால் மோட்டாரைக் காக்க ஒரு ரிலே உண்டு. அது மோட்டாரைக் காக்கும். நீரைக் காக்கும் ரிலே எந்தக் கடையிலும் விற்கப்படுவதில்லை.

கடல் காத்திருக்கிறது

கடற்கரை ஊர்களில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. மணலுக்கடியில் நல்ல நீர், கனமான உப்புநீரின் மீது மிதந்துகொண்டிருக்கிறது. டச்சுக்காரரான கைபென் 1880-களின் இறுதியிலும் ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க் 1901-இலும் தனித்தனியே ஒரு விகிதத்தைக் கண்டனர். கடல்மட்டத்துக்கு மேல் நல்ல நீர் ஒரு மீட்டர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய நாற்பது மீட்டருக்கு நல்ல நீர் இருக்கும். தலைகீழாகப் படித்தால் அச்சம் தரும் விதி இது. மேலே ஒரு மீட்டர் குறைந்தால், காலப்போக்கில் கீழே உப்பு நாற்பது மீட்டர் ஏறும். ஓயாமல் இறைக்கும் குழாயின் அடியில் உப்புநீர் கூம்பாக உயர்ந்து வரும். ஒருமுறை வந்துவிட்டால் எளிதில் இறங்காது.

2004 டிசம்பர் 26 இதை வேறு விதத்தில் காட்டிற்று. பூரணாங்குப்பத்தின் அண்டை ஊரான நல்லவாட்டில், சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்க, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கி மக்களை மேட்டுக்கு அனுப்பியது. உயிர்கள் தப்பின. அலை சென்ற கரையெங்கும் கிணறுகள் தப்பவில்லை. இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்புப் பகுதியில், ஆயிரக்கணக்கான கிணறுகளில் கடல்நீர் புகுந்தது. உதவிக்கு வந்தவர்கள் நல்லெண்ணத்தோடு பம்புகளை வைத்துக் கிணறுகளை இறைத்துக் கழுவினர், திரும்பத் திரும்பக் கழுவினர். உப்பு எதிர்பார்த்தபடி போகவில்லை. அளவுக்கு மீறி இறைத்தால் ஆழத்து உப்பு மேலேறும் ஆபத்தும் உண்டு என்று பிறகு ஆய்வாளர்கள் எச்சரித்தனர். பம்பை நிறுத்திவிட்டு மழைக்குக் காத்திருங்கள் என்பதே இறுதியில் கிடைத்த அறிவுரை. மழைக்காலங்கள் மண்ணைக் கழுவின. அங்கே ஓடிய பம்புகள் எல்லாம் சரியாகத் தொடங்கப்பட்டவையாகவே இருந்திருக்கலாம். தவறு அவற்றின் இயக்கத்தில் இல்லை.

புதுச்சேரி அரசு 2002-இல் நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை இயற்றிற்று. அதற்குச் சற்று முன், 1999-இல், ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் இப்பகுதியின் 84 ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் தொடங்கிற்று. பெண்ணையாற்றுச் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கு வரும் நீர் பாசனத்துக்கு மட்டும் உரியதன்று. அடியிலுள்ள படுகைக்கும் அது ஊட்டமாகிறது. ஏரி நிறைவது நிலத்துக்கு நாம் ஊற்றும் முதல் குடம். பெரியவரின் வாக்கு பம்புக்கு மட்டும் உரியதாக நமக்குத் தோன்றவில்லை.

அன்று அவர் தண்ணீர் பாயும்வரை காத்திருந்து, நடுநடுவே வந்து கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டோம். அது உறை இறக்கிய கிணறு. மேலிருந்து உறைகளை எண்ணிக் காட்டினார். நாலாவது உறையின் விளிம்பு தெரிந்துவிட்டால் நிறுத்திவிடுவாராம். "அதுக்கு மேல எறச்சா கரிக்கும். எங்கப்பா காலத்துலேருந்து அதான் கணக்கு" என்றார்.

சற்று நேரத்தில் விளிம்பு தெரிந்தது. வால்வை மூடிச் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். தோப்பின் கிழக்குப் பாத்திகள் இரண்டு இன்னும் காய்ந்துதான் கிடந்தன. அவற்றை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மண்வெட்டியைத் தோளில் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் புறப்பட்டார்.